பழந்துவக்குகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும்!

"துவக்கு" என்ற சொல்லைக் கேட்டவுடன் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களின் நெஞ்சம் இன்றும் துணுக்குறுகின்றது. துணுக்குறாமல் எங்ஙனம் இருக்கும்? எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் துவக்கினால் உற்றார் ஒருவரையேனும் இழவாத குடும்பத்தைக் காண்பது அரிது. 2009-ஆம் ஆண்டில் நாட்டில் போர் ஓய்ந்தது. ஆயினும் இரவில் நாய் குரைத்தால் விழித்தெழும் தாய்மார் இன்றும் நம்மிடையே உளர்.

இத்தகைய மண்ணில் நின்றுகொண்டு, "துவக்குகளைச் சேர்த்துக் காத்து வைத்தல் வேண்டும்" என்று ஒருவன் எழுதினால், அவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று வாசகர் ஐயுறுவர். ஐயுறுவதில் தவறில்லை. முழுவதையும் வாசித்து, அதன்பின் தீர்ப்புக் கூறுங்கள் என்பதே எமது விண்ணப்பம்.

நாம் பேசவந்தது இன்றைய ஆயுதங்களைப் பற்றியன்று. பாட்டனாரும் பூட்டனாரும் கண்ட பழைய வெடிமருந்துத் துவக்குகளைப் பற்றியே பேசுகின்றோம். வாய்வழியாக மருந்திட்டு இடித்துச் சுடும் இடியன் துவக்கும், ஆங்கிலேய அதிகாரியின் இடுப்பிலே தொங்கிய றிவோல்வர் எனும் சுழல்துப்பாக்கியும் அவற்றுட் சேரும். அவை இன்று எவரையும் வெல்லப்போவதில்லை, எவரையும் காக்கப்போவதுமில்லை. ஆனால் அவை சாட்சிகள். சாட்சிகளை அழித்துவிட்டுச் சரித்திரம் எழுதப் புகுவது, உறுதியைக் கிழித்துவிட்டுக் காணிக்கு வழக்காடுவதற்கு ஒப்பாகும்.

கரிய மருந்தின் காலம்

வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகிய மூன்றையும் சேர்த்தரைத்த கரிய மருந்தே பல நூற்றாண்டுகள் உலகின் போர்களை நடத்தியது. துவக்கு, துப்பாக்கி என்னும் சொற்களே துருக்கி நாட்டுச் சொல்லொன்றின் வழி வந்தவை என்பர். சிங்கள மக்களும் அதனைத் "துவக்குவ" என்றே வழங்குகின்றனர். ஆயுதத்தால் மோதிக்கொண்ட இரு மொழிகளும் அந்த ஆயுதத்துக்கு ஒரே பெயரை இட்டு வழங்குவது சிந்திக்கத்தக்கது அன்றோ!

இந்தக் கருவி நம் தீவுக்கு முற்றிலும் அயலானது என்று எண்ணிவிடலாகாது. போர்த்துக்கேயர் வந்தபின் இத்தீவின் கொல்லர் துவக்குக் குழல் செய்வதில் பெற்ற தேர்ச்சியைப் போர்த்துக்கேய ஆசிரியரே வியந்து எழுதினர். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் இங்கேயே எடுக்கப்பட்டது. வௌவால் எச்சம் படிந்த குகைகளின் மண்ணிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் முறையை, மெமூற என்னும் குகையில் நேரிற் கண்டு, ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் 1821-ல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கின்றார்.

இடியன் துவக்கின் பெயரே அதன் இயல்பைச் சொல்லும். குழல்வாயில் மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, சன்னம் இட்டு, மீண்டும் அடைப்பு வைத்து, இடிகோலால் இடித்து இறுக்கல் வேண்டும். ஒரு வெடி தீர்ந்தால் மறுவெடிக்கு மீண்டும் இத்தனையும் செய்தாக வேண்டும். எதிரே நிற்பது தனியன் யானையாயின், அந்த இடைவேளையில் மனிதனுடைய உயிர் அவன் கால்களின் வேகத்திலேயே தங்கியிருந்தது.

இக்குறையை நீக்க எழுந்ததே சுழல்துப்பாக்கி. அமெரிக்கரான சாமுவேல் கோல்ற் என்பார் 1835-ல் இங்கிலாந்திலும், 1836 பெப்ரவரி 25-ஆம் திகதி அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஐந்தோ ஆறோ அறைகள் கொண்ட ஓர் உருளை. ஒவ்வோர் அறையினுள்ளும் முன்புறத்திலிருந்து மருந்தும் ஈயக்குண்டும் இட்டு இறுக்க வேண்டும். அறையின் பின்புறத்துச் சிறு முளையிலே செப்புத் தொப்பி ஒன்றைப் பொருத்த வேண்டும். குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் உருளை ஓர் அறை சுழலும். விசையை அழுத்தினால் குதிரை தொப்பியின்மீது விழும். பொறி மருந்துக்குட் பாயும். சில வேளைகளில் ஓர் அறையின் தீ அயலறைக்கும் தாவி, பல அறைகள் ஒருங்கே வெடித்துச் சுட்டவன் கையையே பழுதாக்குவதும் உண்டு. அதனைத் தடுக்க அறைவாயில்களில் கொழுப்புப் பூசினர்.

1851-ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சியில் கோல்ற் தமது துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டில் ஆங்கிலேயரான றொபேட் அடம்ஸ் தம்முடைய வகைக்குக் காப்புரிமை பெற்றுப் போட்டிக்கு நின்றார். கோல்ற் இலண்டனில் 1853 முதல் 1856 வரை ஒரு தொழிற்சாலையையும் நடத்தினார். பின்னர் உலோகத் தோட்டா வந்தது. 1884-ல் பிரான்சு நாட்டில் புகையற்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. கரிய மருந்தின் ஆட்சி சரிந்தது. மருந்தையும் குண்டையும் கையால் இட்டு இடித்த சுழல்துப்பாக்கியின் சிறப்புக் காலம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது.

சேர்ப்பது எது? குவிப்பது எது?

அந்த நாற்பது ஆண்டுக்காலத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று மேல்நாடுகளில் ஆயிரக்கணக்கானோர். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டம், 1898-இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் என ஒதுக்கி வைக்கின்றது. அதே 1968-ல் இயற்றப்பட்ட பிரித்தானியச் சட்டமும், காட்சிப் பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ வைத்திருக்கும் பழந்துப்பாக்கிகளுக்கு விலக்கு அளிக்கின்றது.

அத்தகைய தனியார் உரிமையை இங்கே எவரும் கோருதல் தகாது என்பதே எமது முடிபு. நம் நாட்டில் 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். இவ்வளவு குருதி சிந்திய நாட்டில் அக்கட்டுப்பாடு தளரவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். வீட்டுக்கு வீடு துவக்குத் தொங்கவேண்டும் என்பதன்று எமது வேண்டுகோள். ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் அவை காக்கப்படவேண்டும் என்பதே.

ஆயினும் மேல்நாட்டுச் சேர்ப்போரிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கோல்ற் 1847-ல் செய்த "வோக்கர்" வகைத் துப்பாக்கிகள் சுமார் 1,100 மட்டுமே. அவற்றுள் ஒன்று 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏலத்தில் 18 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதே காலத்து அதே வகைத் துப்பாக்கி வேறொன்று அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். இவ்வளவு வேற்றுமை ஏன்? அத்துப்பாக்கியை முதலில் வாங்கிய டென்மார்க்குக் கப்பற்றலைவரின் காலந்தொட்டு, அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது என்ற வரலாறு அதனுடனேயே வந்தது. விலை இரும்புக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. இரும்போடு சேர்ந்து வந்த கதைக்கும் கொடுக்கப்பட்டது.

கதையைப் போலியாகச் செய்வது எளிதன்று. இரும்பைப் போலியாகச் செய்வது மிக எளிது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து இத்தாலி நாட்டின் பிறேசியாப் பகுதியில் கோல்ற் துப்பாக்கிகளின் படிகள் செய்யப்பட்டு வருகின்றன. கண்ணுக்கு வேறுபாடு தெரியாத படிகளும் அவற்றுள் உள. ஆகவே, பழந்துப்பாக்கிகளைச் சேர்த்தல் என்பது இரும்பைக் குவித்தலன்று. செய்தவர் முத்திரை, தொடரிலக்கம், பரீட்சை முத்திரை, குழலின் அளவு, வைத்திருந்தோர் வரிசை, பயன்பட்ட இடம் ஆகியவற்றை ஒன்றுவிடாது பதிந்து காத்தலே சேர்த்தல். பதிவின்றிச் சேர்த்தவன் பழைய இரும்பு வியாபாரியே ஆவான்.

இடுப்பிலே றிவோல்வர், தோளிலே இடியன்

இனி நம் வாவிக் கரைக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில், சுழல்துப்பாக்கி ஆளவந்தவனின் ஆயுதமாயிருந்தது. இடியன் ஆளப்பட்டவனின் கருவியாயிருந்தது. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தாலன்றி அக்காலத்தின் உண்மை உருவம் தெரியாது.

அயல்நாடாகிய இந்தியாவில் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, ஆங்கில அதிகாரிகள் கோல்ற், அடம்ஸ் சுழல்துப்பாக்கிகளை ஏந்தியே போரிட்டனர். அதன்பின் ஆட்சியாளர் செய்த முதல் வேலைகளுள் ஒன்று மக்களின் ஆயுதங்களைக் களைந்தமை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. ஒரே நாட்டில் ஒரே வகை ஆயுதத்துக்குத் தோலின் நிறத்தைப் பார்த்து இரு நீதிகள்!

இலங்கையிலோ, ஆங்கிலேயத் துரைமார் காடுகளை வேட்டைக்களமாக்கினர். மேஜர் றோஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர் பெற்று, 1845-ல் இடிவிழுந்து மாண்டார். சாமுவேல் பேக்கர் என்பவர் இத்தீவில் தாம் ஆடிய வேட்டைகளைப் பெருமையுடன் நூலாக எழுதி 1854-ல் வெளியிட்டார். அவர்தம் துவக்குகளின் எடை, குழலின் அளவு, மருந்தின் நிறை ஆகிய அனைத்தும் அந்நூலில் உள. ஏடு எழுதியவன் கதை நிலைத்தது.

ஆனால் அதே காலத்தில் படுவான்கரையில் வேளாண்மைக்குக் காவலிருந்தவனின் கதை எங்கே? கதிர் முற்றும் நாள்களில் பரணிலே கண் விழித்து, யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி, இடியன் ஒன்றை மடியிற் கிடத்தி விடியலைப் பார்த்திருந்தவன் அவன். துரைமார் கேளிக்கைக்காகச் சுட்டனர். அவன் சோற்றுக்காகச் சுட்டான். போடியார் வீட்டுத் துவக்கைக் காவற்காரன் மாலையில் வாங்கிச் சென்று காலையில் ஒப்படைப்பான் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவனது துவக்கின் எடையை எவரும் எழுதிவைக்கவில்லை.

இடியனைப் புகழ்ந்து பாடவும் நாம் வரவில்லை. அதன் தம்பியாகிய கட்டுத்துவக்கு, வழியிற் செல்லும் மாட்டையும் மனிதனையும் முடமாக்கும் கொடிய பொறி. அதனைக் கட்டுவோர் தண்டனைக்குரியோரே. இன்றும் இந்நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும், நூற்றுக்கணக்கான யானைகளும் ஒருவரோடொருவர் மோதி மடிகின்றனர். யானையும் உழவனும் கொண்ட இந்த நீண்ட வழக்கின் பழைய சான்று அந்த இடியனிலே உள்ளது. சான்றைப் பார்க்காமல் வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்?

போனவை போக, இருப்பவை எத்தனை?

1980-களில் வயற்காவலுக்கு அனுமதி பெற்று வைத்திருந்த துவக்குகள் ஒருபுறம் ஆயுதக் குழுக்களால் பறிக்கப்பட்டன. மறுபுறம் அரசாங்கத்தால் மீளப் பெறப்பட்டன. அவற்றோடு எத்தனை பழந்துவக்குகள் போயின என்பதற்குக் கணக்கில்லை. 1978 நவம்பர் 23-ஆம் திகதிச் சூறாவளியிலும், 2004 டிசம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலையிலும் வீடுகளோடு வீட்டுப் பொருள்களும் அழிந்தன. 2005-ஆம் ஆண்டு யூலை மாதம், கொழும்பில் கைப்பற்றப்பட்ட பல்லாயிரம் துவக்குகள் பகிரங்கமாக அழிக்கப்பட்டன. கொல்லும் கருவிகளை அழித்தது நற்செயலே; அதனை நாமும் வரவேற்கின்றோம். ஆயினும் தீயிலிடுமுன், "இவற்றுள் நூறாண்டு கண்டது ஒன்றேனும் உண்டா?" என்று அறிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லும் ஒழுங்கு இருத்தல் வேண்டும். ஆயிரத்தில் ஒன்றைச் செயலிழக்கச் செய்து நூதனசாலைக்குக் கொடுப்பதால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன கேடு வந்துவிடும்?

படுவான்கரையில் முதிய உழவர் ஒருவர் எம்மிடம் கூறியது நினைவுக்கு வருகின்றது. அவர் தந்தையார் வைத்திருந்த இடியனைப் பற்றிக் கேட்டோம். "துவக்குப் போனாப் போகட்டும் மனே. மறுகா அதுர கதைய ஆரு கேட்கிற?" என்றார் அவர். துவக்கு போனதற்காக அவர் வருந்தவில்லை. கேட்பாரில்லையே என்றே வருந்தினார்.

சட்டம் இட்ட கோடு

இவ்விடயத்தில் சட்டத்தின் நோக்கும் ஒருவகையில் குறையுடையதே. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது, எது தொல்பொருள் என்பதற்கு ஓர் எல்லைக்கோடு இடப்பட்டது. 1815 மார்ச்சு 2-ஆம் திகதிக்கு முற்பட்டதே தொல்பொருள் என்பது அக்கோடு. கண்டி அரசு ஆங்கிலேயர்க்குக் கையளிக்கப்பட்ட உடன்படிக்கையின் நாள் அது. பின்னர்த் திருத்தங்கள் வந்துள்ளன. எனினும் அக்கோட்டை இட்ட மனப்பான்மை இன்னும் மாறவில்லை. மன்னர் ஆட்சி முடிந்தபின் நடந்தவை சரித்திரம் அல்ல போலும்!

கோல்ற் காப்புரிமை பெற்றது 1836-ல். அதாவது அந்தக் கோட்டுக்கு இருபத்தொரு ஆண்டுகள் பிற்பட்டு. ஆகவே, ஒரு மன்னரின் வாளுக்கு அச்சட்டம் அளித்த மதிப்பு, காலனி ஆட்சியின் அடையாளமாகிய சுழல்துப்பாக்கிக்குக் கிடைக்கவில்லை. உழவனின் இடியனுக்கும் கிடைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் மக்கள் வாழ்வு முழுவதும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றது. இதைக் கேட்கவேண்டிய கடமை நம் சட்டத்தரணிகளுக்கு உண்டு.

வாவியில் தொடங்கிய கதை

ஒரு நாடு தன் பழைய ஆயுதத்தின் கதையைக் காத்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கு அண்மையிலேயே ஒரு சான்று கிடைத்தது. அக்கதையின் முதல் ஏடு நம் மட்டக்களப்பிலேயே எழுதப்பட்டதாகும்.

புளியந்தீவிலே போர்த்துக்கேயர் 1628-ல் கட்டிய கோட்டையை, 1638 மே மாதம் 18-ஆம் திகதி, வெஸ்ற்றவோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூடிக் கைப்பற்றினர். அம்மாதம் 23-ஆம் திகதி மன்னனும் ஒல்லாந்தரும் செய்த உடன்படிக்கை இங்கேயே கையெழுத்தாயிற்று. துணைக்கு வந்தவன் பின்னர் ஆளவந்தவனானான். 1765-ல், ஆளுநர் வான் எக் தலைமையில் அதே ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டனர். கொள்ளைப் பொருள்களுள் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி ஒன்றும் இருந்தது. லெவ்கே திசாவை மன்னனுக்கு அளித்த பீரங்கி அது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு அது ஒல்லாந்து நாட்டிலே தங்கிற்று.

அப்பொருளின் வழித்தடத்தை இரு நாட்டு ஆராய்ச்சியாளரும் ஆவணங்களிலே தேடினர்; அது கொள்ளையில் எடுக்கப்பட்டது என்பது தெளிவாயிற்று. 2023 யூலையில் ஒல்லாந்து அரசாங்கம் அதனைத் திருப்பியளிக்க முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அப்பீரங்கியும், பெருந்துவக்குகள் இரண்டும், வாள்களும் கத்தியும் கொழும்பு நூதனசாலையில் ஒப்படைக்கப்பட்டன. பீரங்கியை மீட்டது எது? வேறொரு பீரங்கியா? அன்று! ஏடு மீட்டது. எவரிடமிருந்து எவர் எடுத்தார் என்று எழுதப்பட்டிருந்த பதிவு மீட்டது. குண்டு முழங்கி இழந்ததைக் கடதாசி பேசி மீட்டுத் தந்தது.

மட்டக்களப்பு மக்கள் நாளை எதையேனும் கேட்கவேண்டிவந்தால், அவர்களிடம் என்ன பதிவு இருக்கின்றது?

விபுலாநந்தர் காட்டிய பாடம்

இந்த மண்ணுக்குப் பதிவின் அருமை புதிதன்று. காரைதீவிலே 1892-ல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து "யாழ் நூல்" செய்தார். அது 1947-ல் அரங்கேறிற்று. அதற்கென அவர் பல்லாண்டுகள் உழைத்தது ஏன்? பழைய யாழ் ஒன்றேனும் கைக்குக் கிடைக்கவில்லை. நரம்பு எத்தனை, கோடு எப்படி வளைந்தது, இசை எங்ஙனம் பிறந்தது என்பவற்றைச் செய்யுள்களிலிருந்தும் உரைகளிலிருந்தும் கணக்கிட்டே எடுக்கவேண்டியதாயிற்று. இனிய இசை தந்த கருவியையே நம்மவர் காத்துவைக்கவில்லை. ஒரு பெரும் அறிஞரின் வாழ்நாளில் ஒரு பெரும் பகுதி அதற்கு ஈடாகச் செலவாயிற்று.

ஏடுகளாய்க் கிடந்த "மட்டக்களப்பு மான்மியம்" 1962-ல் எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்களாற் பதிப்பிக்கப்பட்டது. வி. சீ. கந்தையா அவர்களின் "மட்டக்களப்புத் தமிழகம்" 1964-ல் வெளிவந்தது. ஓலையையும் சொல்லையும் கூத்தையும் பாட்டையும் காத்த அறிஞர் இங்கு இருந்தனர். இரும்பையும் மரத்தையும் காப்பதற்கு ஆள் வேண்டும். யாழைக் காத்தல் போலவே துவக்கைக் காத்தலும் தகுமோ என்பீராயின், தகும் என்போம். இன்பம் தந்தவற்றை மட்டும் காத்துத் துன்பம் தந்தவற்றை மறைப்பது சரித்திரமன்று, அது முகத்துதியாகும்.

எதிர்ப்போர்க்கு விடை

"துவக்கைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் இளைஞர் மனத்தில் ஆயுத மோகம் எழாதோ?" என்பார் உளர். நாம் கேட்பது: இன்று திரைப்படத்தில் துவக்கு எங்ஙனம் தோன்றுகின்றது? சுட்டவன் வீரன், சுடப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. காப்பகத்திலோ, துவக்கின் அருகே அது யாரிடம் இருந்தது, அதனால் என்ன நேர்ந்தது என்று எழுதியிருக்கும். ஓர் உருளை ஆறு முறை சுழல்வதற்கு ஒரு நாட்டையே அடக்கும் ஆற்றல் எப்படி வந்தது என்பதை மாணவன் அங்கே அறிவான். மோகத்தை வளர்ப்பது மறைவு. மோகத்தைத் தணிப்பது அறிவு.

"கொழும்பில் 1877 முதல் நூதனசாலை உண்டே, அங்கே அனுப்பினால் போதாதோ?" என்பார் வேறு சிலர். சென்னையின் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் உள. பார்ப்போர் வியக்கின்றனர். ஆயினும் தஞ்சையிலே நின்று தஞ்சை வாளைக் காண்பது போலாகுமா? பரண் எங்கே நின்றது, யானை எந்த வழியாக வந்தது என்று காட்டக்கூடிய பேரனின் முன்னிலையில்தான் இடியன் பேசும். கொழும்புக் கண்ணாடிப் பெட்டியில் அது ஒரு குழாய் மட்டுமே.

"பஞ்சமும் கடனும் உள்ள நாட்டில் இதற்குப் பணம் ஏது?" என்பது மூன்றாவது கேள்வி. இதற்கு மாளிகை வேண்டியதில்லை. கச்சேரி நெடுங்காலம் இயங்கிய புளியந்தீவுக் கோட்டையிலே ஓர் அறை போதும். வாவியின் உப்புக் காற்று இரும்புக்குப் பகை. கரிய மருந்து எரிந்த எச்சமும் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். ஆகவே ஈரம் புகாத பெட்டிகளும், கொஞ்சம் எண்ணெயும் மெழுகும், பழகிய ஒரு காப்பாளரும் வேண்டும். துருப்பிடித்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மடமையை மட்டும் செய்யலாகாது. பளபளப்போடு முத்திரையும் தேய்ந்துபோகும்.

செய்யவேண்டியவை

வெறும் பேச்சோடு நில்லாமல், ஐந்து வேண்டுகோள்களை மக்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது: நீதிமன்றங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் அழிப்பதற்கு ஒதுக்கப்படும் துவக்குகளைத் தொல்பொருள் அறிந்த ஒருவர் பார்வையிட்டு, பழைமையுடையவற்றைப் பிரித்தெடுக்கும் ஒழுங்கை அரசாங்கம் செய்தல் வேண்டும். அவை முற்றாகச் செயலிழக்கச் செய்யப்பட்டபின்னரே காப்பகத்துட் புகவேண்டும்.

இரண்டாவது: பரம்பரைத் துவக்கை அச்சத்தால் கூரையிலும் கிணற்றிலும் மறைத்து வைத்திருப்போர், குற்றச்சாட்டின்றி ஒப்படைக்கும் பொதுமன்னிப்புக் காலங்களில், "இது காப்பகத்துக்கு" என்று எழுதிக் கொடுக்கும் வாய்ப்பு ஏற்படுத்தப்படல் வேண்டும்.

மூன்றாவது: சட்டத்தரணிகள் ஒன்றுகூடி, 1815 என்னும் கோடு இன்றைய ஆராய்ச்சிக்குப் பொருந்துமா என்பதை ஆராய்ந்து, திருத்தம் வேண்டி மனுச் செய்யவேண்டும்.

நான்காவது: ஆசிரியரும் பல்கலைக்கழகத்தாரும் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய உழவர்களிடம் சென்று கேட்டு எழுதவேண்டும். வயற்காவல் எப்படி நடந்தது? மருந்து எங்கே வாங்கப்பட்டது? பழுதான துவக்கை எந்தக் கொல்லன் திருத்தினான்? தச்சிலும் கொல்லிலும் கைதேர்ந்த மட்டக்களப்புப் பறங்கியரின் பட்டறைகளில் இத்தொழில் பற்றிய நினைவுகள் உளவேல் அவற்றையும் பதிதல் வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், வேடர் என்ற வேற்றுமையின்றி வாவிக் கரையின் எல்லா மக்களின் நினைவும் இதில் இடம்பெறல் வேண்டும். யானை எவரிடமும் சாதி சமயம் கேட்டு வயலில் இறங்கியதில்லை.

ஐந்தாவது: உழவர் பெருமக்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழந்துவக்கு ஒன்று அகப்பட்டால் அதன் விசையைத் தொடாதீர்கள். குழல்வாயில் எட்டிப் பாராதீர்கள். வாய்வழி இடித்த மருந்து பல்லாண்டு கழித்தும் உள்ளே கிடப்பதுண்டு. அது வெடிப்பதும் உண்டு. பொலிசாருக்கு அறிவியுங்கள். அதோடு, அது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள், துவக்கைக் காட்டிலும் விலையுயர்ந்தது.

முடிவாக

பல பத்தாண்டுகள் இத்தீவின் அரசியலையும் வாழ்வையும் துவக்கு ஆட்டிப் படைத்தது. ஆளவந்தவனின் றிவோல்வரும் உழவனின் இடியனும் அதற்கு முந்திய தலைமுறையினர். அவர்களிடமிருந்து தொடங்கிப் படித்தால்தான், பின்வந்த அழிவு எங்கிருந்து வந்தது என்பதை நம் மக்கள் அறிய முடியும். இல்லையேல், நேற்றுத்தான் வானத்திலிருந்து துவக்கு விழுந்தது என்று பேரப்பிள்ளைகள் எண்ணுவர். நாளை மீண்டும் விழுந்தால் வியப்படையவும் மாட்டார்.

துவக்கு மனிதரைக் காவல் காத்த காலமும் உண்டு. காவு கொண்ட காலமும் உண்டு. இனி மனிதர் துவக்கைக் காவல் காக்கும் காலம் வரட்டும். கோட்டை மதிலின் ஓரத்தில் ஓர் அறை. அதிலே பேசமுடியாது கிடக்கும் சில இரும்புகள். ஒவ்வொன்றின் அருகிலும் அதன் கதை. இதுவே நாம் கேட்பது. கேட்டது பெரிதன்று. தாமதித்தால் கேட்பதற்கு எதுவும் எஞ்சியிராது.